உட்காருவதற்கு ஒரு சிகரெட்

வனமாமலைக்குச் சிகரெட் பழக்கம் கெட்ட சகவாசத்தால் வரவில்லை. நல்ல நிர்வாகத்தால் வந்தது.

ஒரகடத்தில் கார்களுக்கு இருக்கை செய்து அனுப்புகிற கம்பெனி ஒன்றில் அவர் ஒன்பது வருடமாக நிற்கிறார். வேலை பார்க்கிறார் என்றும் சொல்லலாம். ஆனால் அந்த வேலையில் முக்கால் பங்கு நிற்பதுதான். பெல்ட் நகரும், அதன்மேல் இருக்கைகள் நகரும், ஐம்பத்தெட்டு நொடிக்கு ஒன்று. முன்னிருக்கையின் அடியில் நான்கு போல்ட்டை முடுக்கி அனுப்ப வேண்டியது வனமாமலையின் பாடு. ஒரு ஷிப்டில் நானூற்று அறுபது இருக்கை. புதுத் தோல் வாசனை, அமுக்கினால் மெல்ல எழும்பும் பஞ்சு, முதுகுக்கு வளைவு, தலைக்குத் திண்டு. எல்லாம் கண்ணெதிரே போகும். உட்காரக் கூடாது. சுவரில் பெரிதாக எழுதியே வைத்திருக்கிறார்கள்: ‘வாடிக்கையாளரின் பொருள்மீது அமராதீர்.’ ஜிலேபி சுடுகிறவர்கூட நாளுக்கு ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொள்வார். இங்கே அந்தப் பாக்கியமும் இல்லை.

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து, ஊர்ப் பெருமாளின் பெயரையும் ஒரு டிப்ளமோ சான்றிதழையும் சுமந்துகொண்டு காண்ட்ராக்ட் ஆளாக அவர் வந்து சேர்ந்தபோது வயது இருபத்து நான்கு. பாக்குகூடப் போடாத வாய். அவர் வருவதற்கு முந்தைய வருடம் யாரோ ஒருவர் கழிவறையில் ஒளிந்து புகைத்துவிட்டு எறிந்த துண்டு, பஞ்சுக் குடோனில் பாதியைத் தின்றிருந்தது. இருக்கை வாங்குகிற கார் கம்பெனியிலிருந்து ஆடிட்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், முகம் சுளித்தார்கள். அடுத்த மாதமே லைனுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட் எழும்பியது. உள்ளே சிமெண்ட் பெஞ்சு, மணல் போட்ட வாளி. புகைப்பவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதி, ஆளுக்கொரு ஆரஞ்சு டோக்கன் கொடுத்தார்கள். டோக்கன் உள்ளவர் காலையில் பத்து நிமிடம், மதியத்துக்கு மேல் பத்து நிமிடம் ஷெட்டுக்குப் போகலாம். அதுவரை அவர் இடத்தில் மாற்றாள் நிற்பார்.

புகைக்காதவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று யாரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அவர்கள் ஆரோக்கியமானவர்கள். நிற்கலாம்.

சேர்ந்த மாதத்தின் கடைசியில் இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல நின்ற ஒருநாள், வனமாமலை அந்தப் பதிவேட்டின் முன்னால் போய் நின்றார். லைன் சூப்பர்வைசர் டில்லிபாபு அவரை மேலும் கீழும் பார்த்து, சிகரெட் குடிப்பியா என்று கேட்டார். குடிப்பேன் என்றார். அந்தக் கம்பெனியில் வனமாமலை சொன்ன ஒரே பொய் அது. அதையும் ஆறு மாதத்தில் உண்மையாக்கிவிட்டார்கள்.

முதல் வாரம் சிகரெட்டைப் பற்றவைத்து விரலிடுக்கில் பிடித்தபடி பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். அது தானாக எரிந்து சாம்பலானது. டில்லிபாபு ஏமாறுகிற ஆளா? வாலாஜாபாத் பக்கத்து விவசாயக் குடும்பம். நெல் மூட்டையைக் கையால் தட்டியே ஈரம் சொல்கிற பரம்பரை. ஷெட் வாசலில் நின்று மோப்பம் பிடித்தார்.

“சும்மா குந்திகினு இருக்கறதுக்கு டோக்கன் இல்லபா. இழுத்தா டோக்கன். இல்லனா லைன்.”

வனமாமலை இழுத்தார். இருமினார். மறுபடி இழுத்தார். மூன்றாவது வருடத்தில் ஷெட்டில் பிடிக்கிற இரண்டு போதாமல், பஸ்ஸுக்கு முன் ஒன்று, பின் ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று என்று நாளொன்றுக்குப் பன்னிரண்டு ஆயிற்று. பழக்கம் அவருடையதுதான், இல்லையென்று சொல்ல முடியாது. தீப்பெட்டியை யாரும் அவர் கையில் திணிக்கவில்லை. பெஞ்சை மட்டும் தீப்பெட்டிக்கு அந்தப் பக்கம் போட்டு வைத்தார்கள்.

போன வருடம் ஆடி மாதம் கால் பேச ஆரம்பித்தது.

கம்பெனி பஸ் படப்பை மெயின் ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து வாடகை வீட்டுக்கு அரை கிலோமீட்டர். நூறு தப்படி போவதற்குள் வலது கெண்டைக்காலை யாரோ ஈரத் துணி பிழிவதுபோல முறுக்கினார்கள். நின்றார். இரண்டு நிமிடத்தில் வலி போய்விட்டது. நடந்தார், வந்துவிட்டது. வீடு போய்ச் சேர்வதற்குள் நான்கு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. முப்பத்து மூன்று வயது ஆள் காரணமில்லாமல் ரோட்டில் நிற்க முடியாதில்லையா, அதனால் மனை விற்பனைப் பலகைகளின் முன்னால் நின்று படிப்பதுபோலப் பாவனை செய்தார். படப்பையில் அந்தப் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. தினமும் அதே நேரத்தில் வந்து இவ்வளவு கவனமாகப் படிக்கிறவர் வாங்காமல் விடமாட்டார் என்று முடிவுகட்டிய மூன்று புரோக்கர்கள் அவருடைய நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கார்னர் பிளாட், கிழக்கு பார்த்தது. கால் வலிக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கும் கிடைக்காது.

அப்புறம் பாதம் சில்லிட்டது. தகரம் உருகுகிற வெயிலில் வலது பாதம் மட்டும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்ததுபோல இருந்தது. அப்புறம் கட்டைவிரல் ஊதா நிறமானது. ஓரத்தில் ஒரு புண் வந்தது, வந்த புண் போகவில்லை.

அந்த லைனில் இதைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. அங்கேதான் தப்பு நடந்தது. அந்தத் தப்பை அவர்களால் மட்டும்தான் செய்ய முடியும். காண்ட்ராக்டர் எல்லோருக்கும் எட்டாம் நம்பர் பாதுகாப்பு ஷூதான் கொடுப்பார், நுனியில் இரும்புத் தகடு வைத்தது. ஆறு போடுகிறவருக்கும் எட்டு, பத்து போடுகிறவருக்கும் எட்டு. அதனால் லைனில் நாற்பத்திரண்டு பேருக்கும் கால் நகம் கறுத்திருக்கும். அங்கே அதுதான் சர்வீஸ் கணக்கு. கறுத்த நகம் இல்லாதவன் புது ஆள். வனமாமலை ஷூவைக் கழற்றிக் காட்டியதும் ஆளாளுக்குத் தங்கள் விரலை நீட்டி, இதைவிட மோசமானதையெல்லாம் பார்த்தாயிற்று, இது ஷூ கடி என்றார்கள். வனமாமலையின் காலோ ஒன்பது நம்பர். சாட்சி, தடயம், குற்றவாளி எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

மெயின் ரோட்டு கிளினிக்கில் களிம்பு கொடுத்தார்கள். சர்க்கரை பார்த்தார்கள், இல்லை. அந்தச் சந்தோஷத்தில் வனமாமலை வெளியே வந்து ஒரு சிகரெட் பற்றவைத்தார்.

பிறகு ஒன்பதாம் நம்பர் ஷூவுக்காக ஐந்து மாதம் போராடினார். காண்ட்ராக்டருக்கு ஒரு மனு, கம்பெனியின் மனிதவள அதிகாரி பூஜாவுக்கு மூன்று மனு. ஒவ்வொன்றிலும் ‘மேற்படி ஷூவினால் எனது வலது கால் விரல் பாதிக்கப்பட்டுள்ளது’ என்று எழுதியிருந்தார். கம்பெனியின்மேல் அவருக்கு வந்த முதல் கோபம் அது. கோபத்தில் குறையில்லை, விலாசம்தான் தவறு. பாதுகாப்பு வாரத்தில் மனு பலித்தது. ‘உங்கள் பாதம், எங்கள் அக்கறை’ என்று பேனர் கட்டி, பூஜா தன் கையாலேயே ஒன்பதாம் நம்பர் ஷூவை எடுத்துக் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். கம்பெனிப் பத்திரிகையில் அந்தப் படம் வந்திருக்கிறது. வனமாமலை சிரித்துக்கொண்டு நிற்கிறார். ஷூவுக்குள் இருந்த விரல் அன்றைக்கே செத்திருந்தது.

புது ஷூவில் அந்த விரல் துளியும் வலிக்கவில்லை. பார்த்தாயா, ஷூதான் என்றது லைன்.

விரல் வலிக்காவிட்டாலும் பாதம் வலித்தது. படுத்தால் தாங்காமல், கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினார். அவருடைய மனைவி இசக்கிசெல்வி ஒரகடத்தில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் செய்கிறவர். கெட்டுப்போனதன் வாசனை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு காலையில் சாக்ஸை உருவிப் பார்த்தவர், விடுதிக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டு, புருஷனை ஷேர் ஆட்டோவில் ஏற்றித் தாம்பரம் கொண்டுபோய், அங்கிருந்து ரயிலில் சென்னையின் ஒரு அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்.

அங்கே ரத்தக்குழாய்ப் பிரிவில் இருந்த டாக்டர் ரஞ்சனி, புண்ணைப் பார்ப்பதற்கு முன் பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்தார். தொலைந்த சாவியைத் தேடுவதுபோல விரலை நகர்த்தினார். கணுக்காலின் பின்னால் தேடினார். முழங்காலுக்குப் பின்னால்தான் நாடி கிடைத்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. சர்க்கரை இல்லை என்று கேட்டு உறுதிசெய்துகொண்டார். பிறகு வனமாமலையின் வலது கையைப் பிடித்து, மஞ்சளேறிய ஆள்காட்டி விரலைப் பார்த்தார்.

“எத்தனை?”

“ரெண்டு, டாக்டர்.”

“ஒரு நாளைக்கா, ஒரு மணிக்கா?”

வனமாமலை பன்னிரண்டு என்று ஒப்புக்கொண்டார்.

டாக்டர் தாளில் ஒரு குழாய் வரைந்து காட்டினார். கொழுப்பு சேர்ந்து வயதானவர்களுக்கு அடைக்கிறதே, அது இல்லை இது. புகைபிடிக்கிற இளவயதுக்காரர்களுக்கு வருவது. கால், கைகளில் இருக்கிற சின்ன ரத்தக்குழாய்களின் சுவர் அழன்று வீங்கும், உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். கீழே இருப்பது பட்டினி கிடந்து சாகும். இதற்கு வெள்ளைக்கார டாக்டர் ஒருவரின் பெயரை வைத்திருக்கிறார்கள், அந்தப் பெயர் உங்களுக்குத் தேவையில்லை என்றார். ஷூ காரணமில்லையா என்று வனமாமலை கேட்டார். ஐந்து மாதப் போராட்டத்தை அவ்வளவு லேசில் விட்டுக்கொடுக்க முடியுமா? ஷூ புண்ணைச் சீண்டியிருக்கலாம், குழாயை அடைக்கவில்லை என்றார் டாக்டர்.

“மாத்திரை தர்றேன். அது கைத்தாங்கல்தான். மருந்துன்னா பூஜ்யம் ஒண்ணுதான். குறைச்சுக்கிறேன்னு சொல்லாதீங்க, இதுக்கு ஒண்ணும் ஒண்ணுதான், பன்னிரண்டும் ஒண்ணுதான். பக்கத்துல ஒருத்தர் விடுற புகைகூட வேண்டாம். விட்டீங்கன்னா பெரும்பாலும் கால் தப்பிச்சுக்கும். விடலைன்னா நான் கொஞ்சம் கொஞ்சமா வெட்டிக்கிட்டே மேல வருவேன்.”

மேலே வருவது என்றால் என்னவென்று வார்டில் அடுத்த கட்டில் காட்டியது. சுப்பன் என்று ஒரு லாரி டிரைவர், நாற்பத்தொரு வயது. இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே இல்லை. முதலில் விரல், பிறகு பாதம், பிறகு மற்றது என்று ஆறு வருடத்தில் வந்து சேர்ந்த இடம். போர்வை தட்டையாகக் கிடக்கும். வனமாமலையைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவர் தணிந்த குரலில் ஒரு பீடி கேட்டார்.

கட்டைவிரலை எடுத்த மூன்றாம் நாள் இசக்கிசெல்வி கட்டிலோரம் இருந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருடத்தில் அவர் திட்டாத திட்டு இல்லை, ஒளித்து வைக்காத தீப்பெட்டி இல்லை. ஆனால் எப்படி ஆரம்பித்தது என்று கேட்டதில்லை. ஆம்பிளைகளுக்கு மீசை வருவதுபோல இதுவும் வந்தது என்று விட்டிருந்தார். அன்றைக்குத்தான் கேட்டார். வனமாமலை டோக்கன் கதையைச் சொன்னார்.

“உக்காரதுக்கா?”

“ஆமா.”

“உக்காரதுக்கு.”

சுளையைப் பிரித்த கை நின்றது. “ஊர்ல மாடுகூட நெனச்ச எடத்துல படுத்துக்கிடும். உங்களுக்கு உக்காரதுக்கு சிகரெட்டு பத்தவைக்கணுமாக்கும். சீட்டு செய்யுத கம்பெனி வேற.” கட்டுப்போட்ட காலைப் பார்த்து, “வெரல அவனுவகிட்ட குடுத்துட்டு வந்திருக்கிய,” என்றார். அழவில்லை. சாத்துக்குடியை முழுக்க அவரே தின்றார்.

வனமாமலை விட்டுவிட்டார். எப்படி விட்டார் என்பதை அவரிடம் கேட்டால், தலையணையைக் கடித்து என்பார். கூடவே, சுப்பன் பீடி கேட்கிற குரலைக் கேட்டு என்பார்.

இரண்டு மாதம் கழித்து, காய்ந்தும் காயாத தையலோடு கம்பெனிக்குத் திரும்பியபோது கையில் டாக்டர் கொடுத்த சான்று இருந்தது. அதில் இரண்டு வரி. புகையின் பக்கமே போகக் கூடாது. புண் முழுக்க ஆறும்வரை நெடுநேரம் தொடர்ந்து நிற்கக் கூடாது, இடையிடையே உட்கார வேண்டும். பூஜா அதைப் படித்து, புகையை விட்டதற்கு வாழ்த்துச் சொல்லி, கோப்பில் வைத்தார். நகல் டில்லிபாபுவுக்குப் போனது. டில்லிபாபு நல்ல மனிதர், விதிகளைத் தவறாமல் பின்பற்றுகிறவர். பதிவேட்டைத் திறந்து வனமாமலையின் பெயரை அடித்தார்.

“சந்தோசம் வனமால. உட்டுட்ட இல்ல, நல்லது. டோக்கன குடு.”

“டோக்கன் இல்லாம எப்படி சார் உக்காருவேன்? பத்து நிமிசம் உக்காரச் சொல்லி எழுதியிருக்கு.”

“குடிக்காதவனுக்கு இன்னாத்துக்கு டோக்கன்? அதே காயிதத்துல பொகையாண்ட போவக் கூடாதுன்னும் எழுதிக்கீது. பெஞ்சு எங்க கீது? பொகையில கீது. நான் இன்னா பண்றது?”

வாதத்தில் ஓட்டையே இல்லை. புகைக்கிறவனுக்கு ஓய்வு, விட்டவனுக்குத் தண்டனை. டில்லிபாபுவைக் குறை சொல்லவும் முடியாது. பதினான்கு வருடமாக அவரும்தான் நிற்கிறார். அவருடைய பேண்டைத் தூக்கினால் காலில் நரம்பு புடலங்காய்க் கொடிபோலச் சுருண்டிருக்கும். இந்தத் தொழிற்பேட்டையின் ஏதோ ஒரு சுவருக்கு அடியில் அவருடைய அப்பாவின் நஞ்சை கிடக்கிறது. தான் நிற்கிற மண்ணில் அடுத்தவன் உட்காருவது அவருக்குப் புரியாத விஷயம். இருந்தாலும் மனம் கேட்காமல் ஒரு யோசனை சொன்னார். ஒன்றே ஒன்றைப் பற்றவைத்துக் கையில் பிடித்துக்கொள், இழுக்காதே, டோக்கனை நான் திருப்பித் தருகிறேன். ஒன்பது வருடத்துக்கு முன் எதைச் செய்யக் கூடாது என்று மிரட்டினாரோ, அதையே இப்போது சலுகையாகக் கொடுத்தார்.

இரண்டு நாள் வனமாமலை எட்டு மணி நேரமும் நின்றார். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குச் சாக்ஸ் ஈரமாக இருப்பது தெரிந்தது. தையல் கசிந்திருந்தது.

லைனின் கடைசியில் சோதனை எந்திரத்தில் நிற்கிற மணிகண்டபிரபு சாத்தான்குளத்துக்காரர், இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பன். வனமாமலைக்குப் பிறகு சேர்ந்து, வனமாமலையைப் பார்த்து டோக்கன் வாங்கியவர். அவர் தன் டோக்கனையும் ஒரு சிகரெட்டையும் கொண்டுவந்து வனமாமலையின் சட்டைப்பையில் போட்டார்.

“போங்க அண்ணாச்சி. சும்மா கையில பிடிச்சுக்கிட்டு இருங்க. யாரு பாக்கா?”

வனமாமலை போனார். ஷெட் வாசல்வரை நொண்டிக்கொண்டே போனார். உள்ளே பதினொரு பேர், முகம் தெரியாத அளவுக்குப் புகை. பெஞ்சின் ஓரத்தில் சரியாக ஓர் ஆள் உட்கார இடம். அந்த இடத்தை அவருடைய இடுப்புக்கு ஒன்பது வருடமாகத் தெரியும். சிகரெட் உதட்டுக்குப் போய்விட்டது. யாரோ லைட்டரை நீட்டினார்கள். கால் உட்காரச் சொன்னது. உட்கார்ந்தால் அந்தக் கால் மிச்சமிருக்காது என்பதும் தெரியும். இருக்கிற நான்கு விரலும் ஷூவுக்குள் துடித்தன. சிகரெட்டை உதட்டிலிருந்து எடுத்து மணல் வாளியில் குத்தி நிறுத்தினார், ஊதுவத்தி மாதிரி. திரும்பி நடந்தார்.

லைனில் அவருடைய இடத்துக்கு அப்போதுதான் ஓர் இருக்கை வந்துகொண்டிருந்தது. டிரைவர் பக்கத்து இருக்கை, கறுப்புத் தோல், பெரிய காருக்குப் போவது. மாற்றாளை விலகச் சொல்லிவிட்டு நான்கு போல்ட்டையும் தானே முடுக்கினார். வேலையில் குறை வைக்கிற ஆள் இல்லை. முடுக்கும் துப்பாக்கியைக் கொக்கியில் மாட்டினார். பிறகு அந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

பெல்ட் அதுபாட்டுக்கு நகர்ந்தது. அதற்கு மேலே யார் இருந்தால் என்ன? அடுத்த இடத்தில் வயரைச் சொருகுகிறவர் வனமாமலையின் இடுப்புக்குப் பக்கத்தில் கைவிட்டுச் சொருகினார். அதற்கடுத்தவர் சீட் பெல்ட் கொக்கியை இழுத்துப் பார்த்தார். பிளாஸ்டிக் உறை மாட்டுகிற பூமாரி, ஆளையும் சேர்த்து மாட்டுவதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் வனமாமலை கடந்து போய்விட்டார். கோவில் தேர் போகிறபோது நிற்பதுபோல மற்றவர்கள் நின்றார்கள்.

கடைசியில் சோதனை எந்திரம். இருக்கையில் ஆள் உட்கார்ந்தால் அந்த இருக்கைக்குத் தெரிய வேண்டும். சீட் பெல்ட் போடச் சொல்லிக் கார் கத்துவது அதனால்தான். அதைச் சோதிக்க ஓர் இரும்பு எடையை இறக்கி அமுக்குவார்கள். மணிகண்டபிரபு எடையை இறக்கவில்லை. இறக்காமலேயே பச்சை விளக்கு எரிந்தது. ‘ஆள் உள்ளது. சரி’ என்று எந்திரம் ஒட்டுத்தாளை அடித்துத் துப்பியது. ஒன்பது வருடத்தில் அந்தக் கம்பெனியில் வனமாமலையை ஆள் என்று ஒப்புக்கொண்டது அந்த எந்திரம் ஒன்றுதான்.

டில்லிபாபு ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினார். லைன் நின்றது.

“எந்திரிய்யா. கஸ்டமர் பொருளுய்யா அது.”

“உக்கார எடம் குடுங்க சார், எந்திரிக்கேன்.”

“இன்னாபா, என் வேலைக்கு ஒல வைக்கிறியா?”

வனமாமலை ஷூவை அவிழ்த்தார். ஈரச் சாக்ஸை உருவினார். விரல் இருந்த இடத்தை டில்லிபாபு அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் எந்திரி என்று சொல்லவில்லை. செக்யூரிட்டிக்காரர்கள் வந்து சேரப் பதினொரு நிமிடம் ஆயிற்று. அந்தப் பதினொரு நிமிடமும் லைனில் இருந்த நாற்பத்தொரு பேரும் தூணிலும் உதிரிபாகத் தொட்டியிலும் சாய்ந்து நின்றார்கள். புகைக்காதவர்களுக்கு அந்தக் கம்பெனியில் கிடைத்த முதல் ஓய்வு அதுதான்.

வனமாமலையை ஒரு வாரம் சஸ்பெண்ட் செய்தார்கள். அந்த இருக்கையை ‘பயன்படுத்தப்பட்டது’ என்று முத்திரை குத்திக் கழித்துவிட்டார்கள். அது இப்போது மேனேஜர் அறையில் கிடக்கிறது. வருகிறவர்கள் உட்காருகிறார்கள்.

வாடிக்கையாளரின் பொருள்மீது அமர்ந்தது ஏன் என்று விளக்கம் கேட்டு வந்த கடிதத்தை வாங்க வனமாமலையைக் கம்பெனி வாசலில் முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார்கள். நின்ற இடத்தில், டூவீலர் ஸ்டாண்டுக்குப் பின்னால், வெயிலில் வெளுத்துப்போன ஒரு பலகை இருந்தது. தொழிற்சாலைச் சட்டத்தின் சுருக்கம். தமிழில்தான் எழுதியிருந்தது. ஒன்பது வருடமாக அதைக் கடந்துதான் உள்ளே போயிருக்கிறார். மனைப் பலகைகளைப் படித்துப் படித்து வந்த பழக்கத்தில் அன்றைக்கு இதையும் படித்தார். நின்றுகொண்டே வேலை செய்ய வேண்டியவர்களுக்கு, வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்து ஓய்வெடுக்கத் தகுந்த இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று அதில் ஒரு வரி. சிகரெட் பற்றி அந்த வரியில் ஒன்றுமில்லை.

அந்த வரிதான் அவருடைய பதில். இசக்கிசெல்வி கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அவரே எழுதி, தொழிற்சாலை ஆய்வாளருக்கும் ஒரு நகல் போட்டார். கடைசியில் ‘இப்படிக்கு’ என்பதற்கு மேலே தன் சொந்தச் செலவில் ஒரு வரி சேர்த்தார்: ‘என் புருஷனின் விரலுக்கு நீங்கள் விளக்கம் எழுதவும்.’ வனமாமலை அதை அடிக்கச் சொன்னார். இசக்கிசெல்வி அடிக்கவில்லை.

விளக்கம் வரவில்லை. ஸ்டூல் வந்தது. அடுத்த ஆடிட் நெருங்கிக்கொண்டிருந்தது அல்லவா. நாற்பத்திரண்டு பேருக்கு ஒரே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், நீல நிறம். மேலே சுவரில் ஓர் அறிவிப்பு: ‘மருத்துவச் சான்று உள்ளவர்களுக்கு மட்டும்.’ காலை பத்து நிமிடம், மதியம் பத்து நிமிடம். உட்காருவதற்கு முன்பு சிகரெட்டைக் காட்ட வேண்டியிருந்தது, இனி வெட்டின காலைக் காட்ட வேண்டும். பூஜா போட்டோகிராபரோடு வந்தார். வனமாமலை இந்தத் தடவை போட்டோவுக்கு நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

தையல் ஆறிவிட்டது. ஆறு மாதத்தில் புதுப் புண் எதுவும் வரவில்லை. பாதத்தில் இன்னும் நாடி தட்டவில்லை, ஆனால் முன்புபோல் சில்லிடுவதில்லை, சின்னக் குழாய்கள் சந்து பொந்தில் வழி பண்ணிக்கொள்கின்றன என்றார் டாக்டர் ரஞ்சனி. பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நான்கு இடத்தில் நின்றவர் இப்போது ஒரே இடத்தில் நிற்கிறார். மூன்று புரோக்கர்களில் இருவர் நம்பிக்கை இழந்துவிட்டார்கள்.

ஸ்டூல் வந்த நாள் முதல் வனமாமலை அதை ஷெட்டுக்குப் போகிற வழியில், புகை வராத தூரத்தில் போட்டுக்கொள்கிறார். உட்கார்ந்ததும் ஒன்பதாம் நம்பர் ஷூவைக் கழற்றி, வலது பாதத்தை வழியில் நீட்டி வைக்கிறார். டோக்கன்காரர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆடிட் வர்ற நேரத்துல ஷூவ போடுய்யா என்று டில்லிபாபு கெஞ்சிப் பார்த்தார். ஷூ எனக்கு எதிரி இல்லை சார், அதை நான் அநியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டேன், கொஞ்சம் காற்றாட இருக்கட்டும் என்றார் வனமாமலை. முதல் நாள் பன்னிரண்டு பேரும் பாதத்தைப் பார்க்காமல் தாண்டிப் போனார்கள். இரண்டாம் நாளும் பன்னிரண்டு பேர். அதிலென்ன ஆச்சரியம், அவர்களுக்கும் கால் வலிக்கிறது, பெஞ்சு அங்கேதான் இருக்கிறது.

நான்காம் நாள் மணிகண்டபிரபு ஆரஞ்சு டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர், பாதத்தின் முன்னால் நின்றுவிட்டார். ஷெட்டைப் பார்த்தார். குனிந்து தன் வலது கெண்டைக்காலைப் பிசைந்தார்.

“அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க.”

ஒரு ஆளுக்கான ஸ்டூல். வனமாமலை பாதிக்கு நகர்ந்தார். மணிகண்டபிரபு மீதிப் பாதியில், ஒரு தொடை அந்தரத்தில் நிற்க, உட்கார்ந்தார். டில்லிபாபு பதிவேட்டோடு வந்து சேர்ந்தார். சுவரிலிருந்த அறிவிப்பைக் காட்டி, உன் சான்று எங்கே என்று கேட்டார்.

மணிகண்டபிரபு டோக்கனை அந்தப் பதிவேட்டின்மேல் வைத்தார்.

“வெரல் போவட்டும் சார், வாங்கிட்டு வந்து தாரேன்.”